மருத்துவமும் உலக சுகாதாரமும்: பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடங்களுக்கு இடம் கொடுப்பது?

இளந்தளிர்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. மருத்துவராக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நின்றுவிடாமல் தொற்றுநோய்க் கட்டுப்பாடு, தாய்சேய் நலம், மருத்துவம் எட்டாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற வேலைகளில் இறங்க ஆசை.

பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியல்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் குழப்பம் வந்தது. உயிரியல், கரிம வேதியியல், இயற்பியல் ஒரு பக்கம். நோய்ப்பரவலியல், மருத்துவ மானிடவியல், சுகாதாரப் பொருளியல், அறவியல், ஒரு வேற்றுமொழி என்று இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எதை விட்டால் பின்னால் வருத்தப்படுவேன்?

அதோடு, ‘உலக சுகாதாரம்’ என்று பெயரிலேயே இருக்கும் பட்டப் படிப்பில் சேர்வது நல்லதா, அறிவியல் பட்டம் படித்துக்கொண்டே இவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லதா? மாணவியாக இருக்கும்போதே வேறு நாட்டுக்குக் களப்பணிக்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி

வாழ்த்துகள் தங்கையே. நான் மருத்துவன், பொது மருத்துவத்தில் இருக்கிறேன். முதலில் நீங்கள் போகப்போவது எந்த வழி என்று தெரிய வேண்டும். பல நாடுகளில் பள்ளி முடிந்ததும் நேரே மருத்துவப் படிப்புதான். ஐந்தாறு ஆண்டுகள், பாடங்களை அவர்களே அடுக்கி வைத்திருப்பார்கள், நீங்கள் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் முதலில் ஓர் இளநிலைப் பட்டம், அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. உங்கள் கேள்வி இரண்டாவது வழிக்காரர் கேட்பது போல இருக்கிறது.

அந்த வழியில் எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும் பரவாயில்லை. ஆய்வகத்தோடு சேர்ந்த உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், அப்புறம் உயிர்வேதியியல் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் அடிப்படைப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே மருத்துவக் கல்லூரிக்காக நடக்கும் எம்கேட் நுழைவுத் தேர்வில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் தனிப் பகுதியாகவே வருகின்றன. ஆகவே ‘அறிவியல் அல்லாத பாடம் நேர விரயம்’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நேர்வழியில் சேர்கிறவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. பிரிட்டனில் மருத்துவப் படிப்பின் நடுவே ஓராண்டு ஒதுக்கி இன்னொரு இளநிலைப் பட்டம் பெறும் ஏற்பாடு உண்டு. அந்த ஆண்டை உலக சுகாதாரத்துக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல மருத்துவராகுங்கள். மூச்சுத் திணறும் குழந்தையை நிலைப்படுத்தத் தெரிந்தவருக்குத்தான் எந்த ஊரிலும் மதிப்பு. மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எண்ணும்எழுத்தும்

நெடுவழி சொன்ன கடைசி வரியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நான் நோய்ப்பரவலியல் கற்பிக்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வு இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

இளந்தளிர், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறது. கேட்டால் நல்ல பரிசோதனை என்றுதான் தோன்றும். இப்போது 10,000 பேருக்கு அதைச் செய்யுங்கள். நோயுள்ள 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நலமாக இருக்கும் 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 585 பேர், அதில் உண்மையான நோயாளிகள் 90 பேர்தான். அதாவது ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்று நீங்கள் சொல்லப்போகும் நூறு பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு அது இல்லை.

அதே பரிசோதனையை, 100 பேரில் 30 பேருக்கு அந்த நோய் இருக்கும் இடத்தில் செய்தால் பாசிட்டிவ் வந்தவர்களில் 88 சதவீதம் பேர் உண்மையான நோயாளிகள். கருவி ஒன்றே, மக்கள்தொகை மாறியதும் அதன் சொல்லுக்கு உள்ள மதிப்பு தலைகீழாகிவிட்டது. ஒரு நாட்டில் சரியாக வேலை செய்த பரிசோதனைத் திட்டத்தை இன்னொரு நாட்டில் அப்படியே நடத்த முடியாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். இதை வகுப்பில் உட்கார்ந்து, தப்பும் திருத்தமுமாகப் போட்டுப் பழகினால்தான் கைவரும். பணியில் சேர்ந்த பிறகு இரவுப் பணிக்கும் காலை சுற்றுக்கும் நடுவில் யாரும் இதைக் கற்பதில்லை. நெடுவழி, உங்கள் சக மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் செய்ததை, ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயிலிருந்து நோய் வருகிறது என்று அவர் கண்டுபிடித்த கதையோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அவர் செய்த பெரிய வேலை வேறு. தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸின் மேல்பகுதிக்கு, கழிவு கலக்காத இடத்துக்கு மாறிவிட்டது. சதக் & வாக்ஸால் கம்பெனி நகரக் கழிவு கலந்த பகுதியிலேயே தண்ணீர் எடுத்தது. வீடு வீடாகப் போய் எந்தத் தண்ணீர் என்று விசாரித்து, காலராச் சாவுகளை அதோடு பொருத்தினார். 10,000 வீடுகளுக்கு லாம்பெத் பக்கம் 37 சாவு, இன்னொரு பக்கம் 315. காலராக் கிருமி இன்னதென்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ் உலகை ஒப்புக்கொள்ள வைத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1880களில். நோய்க்குக் காரணமான கிருமி தெரியாமலே நோயை நிறுத்தும் வழி தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்ததால் வந்த வெற்றி அது.

அதனால் என் பட்டியலில் முதல் இடம் புள்ளியியலுக்கு, அடுத்தது நோய்ப்பரவலியலுக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே அரையாண்டில் மேலோட்டமாக முடிக்கும் பாடமாக இருந்தால் போதாது. ஆர் (R) என்பது போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் உண்மையான தரவை வைத்துப் பயிற்சி தரும் வகுப்பாகத் தேடுங்கள்.

இளந்தளிர்

ஐயா, அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 585இல் 90 என்று வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். பள்ளியில் நிகழ்தகவு படித்திருக்கிறோம், ஆனால் யாரும் இதை இப்படிக் காட்டவில்லை.

வெண்தாமரை

நான் செவிலியர். மகப்பேறுப் பிரிவில் நீண்ட காலம் இருந்துவிட்டு இப்போது பயிற்சி கொடுக்கிறேன். எல்லோரும் ‘மருத்துவர் என்ன படிக்க வேண்டும்’ என்றே பேசுகிறீர்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில் உலகின் பல பகுதிகளில் மருத்துவரே இருப்பதில்லையே. செவிலியரும் மகப்பேறு உதவியாளரும்தான் இருப்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். ஒரு நாளைக்கு 700க்கும் மேல். முக்கியமான காரணங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு. அதற்கு ஆக்சிடோசின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத இடத்தில் குளிர்ப்பெட்டி நின்றுபோனால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும், குப்பியைப் பார்த்தால் தெரியாது. பாடம் படித்தவர், மருந்து கொடுத்தவர், எல்லோரும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் இரத்தம் நிற்காது.

வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற இன்னொரு மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. 500 மில்லியும் அதற்கு மேலும் இரத்தம் போவதைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. இந்த மாதிரி ஒரு தீர்வு வர வேண்டுமானால் மருந்தியல் தெரிந்தவர், கிடங்கும் வண்டியும் பற்றித் தெரிந்தவர், சோதனையை வடிவமைக்கத் தெரிந்தவர், பிரசவ அறையில் நின்றவர் எல்லோரும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

அதனால் என் யோசனை இது. மருந்து விநியோகம், சுகாதார நிர்வாகம் என்ற பெயரில் ஏதாவது பாடம் இருந்தால் ஒன்றையாவது எடு கண்ணு. மந்தமாகத் தோன்றும், பரவாயில்லை. அப்புறம், செவிலியர் மாணவர்களும் மருந்தாளர் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் சேர்ந்து உட்காரும் வகுப்பு ஏதாவது இருக்கிறதா பார். செவிலியர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் படிக்கும்போதே வந்துவிட வேண்டும்.

கரிமம்

எல்லோரும் கரிம வேதியியலை ஒரு தண்டனை மாதிரி கடந்து போகிறீர்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

உப்பு-சர்க்கரைக் கரைசலின் கதையைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கில் குடல் தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் பயனில்லை. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், சிறுகுடலின் உள்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகவே உள்ளே போகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். சோடியம் போனால் தண்ணீரும் பின்னால் போகும். காலரா நச்சு குடலைப் பாதித்திருக்கும் நேரத்திலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஆக, சர்க்கரை அங்கே சக்திக்காக மட்டும் இல்லை, உப்பை உள்ளே இழுத்துப் போவதற்காக.

1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலானாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு கோடிக்கணக்கான குழந்தைகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

நெடுவழி சொல்வது போல மருத்துவம் முக்கியம், எண்ணும்எழுத்தும் ஐயா சொல்வது போல கணக்கு முக்கியம். ஆனால் அந்தக் குடல் சுவரில் என்ன நடக்கிறது என்று யாரோ ஒருவர் கண்டறியாமல் இருந்திருந்தால் முகாமில் என்ன கலந்து கொடுப்பது என்றே தெரிந்திருக்காது. உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘இது ஏன் இப்படி வேலை செய்கிறது’ என்று கேட்டுப் படியுங்கள்.

ஊர்க்குருவி

கரிமம், அருமையாகச் சொன்னீர்கள். அந்தக் கதையின் மறுபாதியை நான் சொல்கிறேன்.

கரைசல் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980இலிருந்து பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் வைத்துத் தாய்மார்களே கரைசல் செய்யக் கற்றுக் கொடுத்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். கற்பித்தவர்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்று பார்த்து மட்டும் கொடுக்கப்படவில்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்துக் கொடுத்தார்கள். இந்த ஒரு யோசனைக்குள் கல்வியியல், பொருளியல், மானிடவியல் மூன்றும் இருக்கின்றன.

நான் மருத்துவ மானிடவியல் படித்தவன். எங்கள் துறை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எபோலாவைச் சொல்வேன். 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 28,600க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவரின் உடலில்தான் வைரஸ் மிக அதிகம். உடலைக் குளிப்பாட்டித் தொட்டு விடைகொடுப்பது அங்கே மரியாதை. தொடாதீர்கள் என்று உத்தரவு போட்டார்கள். முழுக் கவச உடையில் ஆட்கள் வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். மான்ரோவியாவில் எரிக்கவும் செய்தார்கள். விளைவு என்ன? குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். தொற்று கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

2014 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடும் மானிடவியலாளர்களோடும் கலந்து ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்ற நெறிமுறையை வெளியிட்டது. குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், முகம் பார்க்கலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். வைரஸ் பற்றிய அறிவில் எதுவும் மாறவில்லை. மக்களை எப்படி நடத்துவது என்பது மாறியது.

நெடுவழி

ஊர்க்குருவி, இதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் கேள்வி வேறு. இது வகுப்பில் வருமா? மனிதர்களோடு பழகினால் வரும். மூன்று கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர் அந்தக் கல்லறைப் பக்கம் நின்றால் என்ன செய்யத் தெரிந்திருக்கும்?

ஊர்க்குருவி

பழகினால் மட்டும் வராது, நெடுவழி. பழகியவர்கள்தானே முதல் உத்தரவுகளைப் போட்டார்கள். நல்ல வகுப்பு என்ன செய்யும் என்றால், ‘இந்த மக்கள் ஏன் சொல்வதைக் கேட்பதில்லை’ என்ற கேள்வியை ‘நாம் சொல்வது அவர்களுக்கு எந்த இழப்பாகத் தெரிகிறது’ என்று மாற்றப் பழக்கும். நேர்காணல் எடுப்பது, கேட்டதைப் பதிவு செய்வது, நம் அனுமானத்தைத் தனியாக எழுதி வைப்பது எல்லாம் கைத்திறமைகள். ஊசி போடுவதைப் போல இதையும் ஒருவர் மேற்பார்த்துத் திருத்த வேண்டும். கட்டுரை மட்டும் எழுத வைக்கும் வகுப்பை எடுக்காதீர்கள், அதை நானும் சொல்வேன். நேர்காணல் எடுத்து, எழுதிக் கொண்டுவந்து, வகுப்பில் கிழித்துப் பேசும் பாடமாகப் பாருங்கள்.

நெடுவழி

சரி, அப்படிப்பட்ட வகுப்பு என்றால் நானும் எடுக்கச் சொல்வேன்.

அலைநீளம்

இயற்பியலுக்காக நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு ஒளிகளை அனுப்புகிறது. ஒன்று 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு, இன்னொன்று 940 அளவில் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இவற்றை வேறு வேறு விகிதத்தில் உறிஞ்சுகின்றன. அதிலிருந்துதான் அந்த எண். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். 2020இல் அமெரிக்க நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வில், கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. உலகம் முழுக்கப் பயன்படும் கருவி இது. கருவி எப்படி அளக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது யாரிடம் தவறும் என்று சந்தேகம் வரும்.

செங்கதிர்

நான் இரண்டாம் ஆண்டில் பொது சுகாதாரம் படிக்கிறேன். யாரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். வேலை இருக்கிறதா? 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் மூடப்பட்டது. எங்கள் துறையில் மூத்தவர்கள் பலர் வேலை இழந்தார்கள். 1984இலிருந்து அதன் பணத்தில் நடந்துவந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வுத் திட்டமே நிதி நின்று தடுமாறியது. அந்தத் தரவை நம்பித்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பயிற்சிகள். இந்த நேரத்தில் ஒருவரை இந்தப் பக்கம் வா என்று சொல்வது சரியா?

எண்ணும்எழுத்தும்

செங்கதிர், நியாயமான கவலை. வெளிநாட்டு உதவிப் பணத்தில் ஓடும் பதவிகள் குறைந்துவிட்டன, அதை மழுப்ப முடியாது. இளந்தளிர் மருத்துவப் பட்டத்தோடு வருவதால் அவருக்கு ஒரு காப்பு இருக்கிறது. மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர் வேலை இல்லாமல் நிற்பது அரிது. முதலில் மருத்துவராகுங்கள் என்று நெடுவழி சொன்னதில் உள்ள பலம் இதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்வது: நன்கொடை அமைப்புகளை மட்டும் பார்க்காமல், நாடுகளின் சொந்த சுகாதாரத் துறைகளைப் பாருங்கள். நோய் கண்காணிப்பு, தடுப்பூசித் திட்டம், மருந்துக் கொள்முதல், தரவு நிர்வாகம் ஆகிய வேலைகள் நிதி எங்கிருந்து வந்தாலும் நடந்தாக வேண்டும். சுகாதாரத் தரவைச் சேகரித்து அலச ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஹெச்ஐஎஸ்2 மென்பொருளைப் பல நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள் பயன்படுத்துகின்றன. அது இலவசம், இணையத்திலேயே கற்கலாம்.

களத்தில் நோய்ப்பரவலியல் கற்றுத்தரும் பயிற்சிகளையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் 1951இல் ஈஐஎஸ் என்ற பெயரில் இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. தாய்லாந்து 1980இல் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் அதே வடிவில் நடக்கிறது. எங்காவது நோய் வெடித்தால் பயிற்சியாளர்கள் நேரே அங்கே போய் விசாரணை செய்வார்கள். மருத்துவர், கால்நடை மருத்துவர், ஆய்வகத்தார் என்று பலரையும் எடுக்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகு சேர வேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

வெண்தாமரை

களப்பணி பற்றி இளந்தளிர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

போகலாம். ஆனால் உன் சொந்த நாட்டில் உன்னைச் செய்ய விடாத எதையும் அங்கே போய்ச் செய்யாதே. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட மாணவரைப் பார்த்ததும் ‘டாக்டர்’ என்று அழைப்பார்கள், தையல் போடச் சொல்வார்கள், பிரசவம் பார்க்கச் சொல்வார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும், மறுக்கச் சங்கடமாக இருக்கும். அந்தத் தாய்க்கு நீ மாணவி என்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா?

சில வாரங்கள் போய்ப் புகைப்படம் எடுத்துத் திரும்பும் பயணங்களில் அங்கிருக்கும் செவிலியர்களின் நேரம்தான் செலவாகிறது. வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள், தங்க இடம் பார்ப்பது அவர்கள், திரும்பிப் போனதும் பாதியில் நிற்கும் வேலையைத் தூக்குவதும் அவர்கள். பணம் கட்டிப் போகும் திட்டம் என்றால் சில கேள்விகள் கேள். அந்த ஊர்க்காரர்கள் கேட்டு உருவான திட்டமா? அவர்கள் மாணவர்களும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வர முடியுமா? பல ஆண்டுகளாக ஒரே இடத்தோடு உறவு இருக்கிறதா? போவதற்கு முன் மொழியும் அறவியலும் சொல்லித் தருகிறார்களா? பதில் சரியில்லை என்றால் போகாதே. உன் ஊரிலேயே மருத்துவம் எட்டாதவர்கள் இருப்பார்கள். அங்கே ஓராண்டு தொடர்ந்து போ.

நெடுவழி

வெண்தாமரை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதனால்தான் அறவியல் பாடத்தைச் சுலபமான மதிப்பெண் என்று நினைத்து எடுக்காதீர்கள். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தது அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறை. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு அறநெறி வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது, அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் அது நடந்தது. நல்ல ஆசிரியர் இதைத் தேதிகளாகச் சொல்லிக் கடந்து போக மாட்டார். அந்தக் குழுவில் நீ ஓர் இளநிலை மருத்துவராக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்ல வைப்பார்.

ஊர்க்குருவி

பட்டத்தின் பெயர் பற்றியும் கேட்டிருந்தார். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘உலக சுகாதாரம்’ என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு வாரம் மலேரியா, ஒரு வாரம் ஊட்டச்சத்து, ஒரு வாரம் பருவநிலை என்று தொட்டுத் தொட்டுப் போகும் பட்டங்கள் இருக்கின்றன. பொது அறிவு கிடைக்கும், கையில் ஒரு திறமையும் தங்காது. பாடத்தில் பேசப்படும் நாடுகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

நேர்மாறான உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். ருவாண்டாவில் புட்டாரோ என்ற கிராமப் பகுதியில் உலக சுகாதாரச் சமத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015இல் தொடங்கியது. அங்கே மருத்துவப் பட்டத்தோடு உலக சுகாதாரச் சேவை முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்து ஆறரை ஆண்டில் படிக்கிறார்கள். இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக வைக்காமல் ஒரே படிப்பாகக் கட்டியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இளந்தளிர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஒரு வரைவு போட்டேன். உயிரியலைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, அடிப்படை அறிவியல் பாடங்களை முதல் இரண்டு ஆண்டுகளில் முடிப்பது. இரண்டாம் ஆண்டிலேயே புள்ளியியல், அதன் பிறகு நோய்ப்பரவலியல். மூன்றாம் ஆண்டில் நேர்காணல் பயிற்சி உள்ள மானிடவியல் பாடம், மருந்து விநியோகமும் சுகாதார நிர்வாகமும் சேர்ந்த ஒரு பாடம். கடைசி ஆண்டில் அறவியல். சுகாதாரப் பொருளியலை விட்டுவிட்டேன். பிரெஞ்சு மொழி ஆரம்பநிலை ஒன்று. வெளிநாட்டுக் களப்பணி இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஏதாவது தப்பாக இருக்கிறதா?

எண்ணும்எழுத்தும்

நன்றாக இருக்கிறது. இரண்டு மாற்றம் மட்டும். அறவியலைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள், நேர்காணல் எடுக்கப் போவதற்கு முன்பே அது தேவை. மானிடவியலுக்கு முந்தைய அரையாண்டில் வையுங்கள். மொழியை ஆரம்பநிலையோடு நிறுத்தினால் எதற்கும் உதவாது. ஒன்று, நோயாளியிடம் பேசும் அளவுக்குத் தொடர்ந்து படியுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சுகாதாரப் பொருளியலுக்குக் கொடுங்கள். எந்தத் தடுப்பூசியை முதலில் வாங்குவது என்ற கேள்வி என்றாவது உங்கள் மேசைக்கு வரும்.

அப்புறம், நீங்கள் பார்த்திருக்கும் நோய்ப்பரவலியல் பாடத்துக்கு முன்தேவை என்ன போட்டிருக்கிறார்கள்? சில இடங்களில் கால்குலஸ் கேட்பார்கள், சில இடங்களில் புள்ளியியல் மட்டும் போதும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், முதலாண்டு வரிசையை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

இளந்தளிர்

புள்ளியியல் மட்டும்தான் போட்டிருக்கிறது ஐயா. ஆனால் அந்தப் புள்ளியியல் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும் என்று அங்கே படிக்கும் ஓர் அக்கா சொன்னார். அதனால் முதலாண்டு இரண்டாம் பருவத்திலேயே பதிந்துவிடப் போகிறேன். பிரெஞ்சைத் தொடர்வதா பொருளியலா என்று முடிவு செய்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.